வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்

2024 டிசம்பரில், பாகிஸ்தானின் வடமேற்கு மூலையில் இருக்கும் சித்ராலில், ஒரே ஒரு மார்க்கோரைச் சுடுவதற்கான அனுமதிக்கு அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவர் 2,71,000 டாலர் கொடுத்தார். நம் பணத்தில் இரண்டேகால் கோடி ரூபாய்க்கு மேல். மார்க்கோர் காட்டாடுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. பிழிந்து முறுக்கிய ஈரத்துணி போலத் திருகித் திருகி மேலேறும் கொம்பு. தாடையில் தொடங்கி மார்பு வழியாகத் தொங்கும் நீண்ட மயிர். அந்த நாட்டின் தேசிய விலங்கும் அதுதான். அனுமதிப் பணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு மலையடிவார ஊர்களுக்குப் போகிறது, மீதி இருபது அரசுக்கு. இறைச்சி ஊருக்கு. கொம்பும் தோலும் வந்தவரோடு விமானம் ஏறுகின்றன.

படித்ததும் எனக்கு வந்தது அருவருப்பு. கொம்புக்காக ஓர் உயிரைக் கொல்ல இரண்டு கோடி கொடுக்கிற மனத்தை என்னால் இன்றும் நேசிக்க முடியவில்லை. ஆனால் அதே மார்க்கோர் இனத்தை, அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் வரிசையிலிருந்து 2015இல் இரண்டு படி மேலே ஏற்றி, ஆபத்தை நெருங்கியவை என்ற வரிசையில் வைத்தது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். மலை ஆடுகளில் இப்படி மீண்டு வந்தவை மிகக் குறைவு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது, சுடுவதற்குப் பணம் வாங்கும் இந்த ஏற்பாடு. அருவருப்பையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநாள் யோசித்திருக்கிறேன். பணம் கட்டி, ஒருவர் கூட்டிப்போக, அவர் காட்டித்தர, சுட்டுவிட்டு வருகிற பயணம் போகத் தகுந்ததுதானா?

முதலில், மலையில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். குளிர்காலத் தொடக்கம் மார்க்கோர்கள் இணைசேரும் காலம். உச்சியில் பனி விழுந்ததும் தனியே திரிந்த கிடாக்கள் பெட்டைகளைத் தேடிக் கீழே இறங்கும். எந்தச் சரிவில் வெயில் முதலில் விழும், எந்தப் பாறை இடுக்கில் இன்னும் தழை மிச்சமிருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்குத்தான் தெரியும். காற்றும் அப்படியே. விடியற்காலையில் மலைக்காற்று கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே போகும். நேரம் தப்பி நின்றால் ஆளின் வாடை ஆட்டுக்குப் போய்விடும், அன்றைய பொழுது முடிந்தது. ஆகவே எப்போது படுப்பது, எப்போது நகர்வது, எந்தக் கல்லுக்குப் பின்னால் மூச்சுவிடுவது என்பதை வழிகாட்டிதான் சொல்கிறார். வந்தவர் சொன்னபடி கேட்கிறார்.

பிறகு வயது. ஆட்டின் கொம்பு அடியிலிருந்து வளர்வது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று, வசந்தத்தில் மறுபடி தொடங்கும்போது ஒரு வளையம் விழும். எதிர்ச் சரிவில் நிற்கும் கிடாவை வழிகாட்டி முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி வழியே பார்த்து வளையங்களை எண்ணுகிறார். கொம்பு மட்டும் போதாது. கழுத்து மயிரின் நீளம், முதுகின் வளைவு, நடையில் வந்திருக்கும் கனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். இது இளசு, விடுங்கள் என்கிறார். அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவதாக ஓரமாக ஒதுங்கி நிற்கும் கிழட்டுக் கிடா. அது தன் வம்சத்தை விட்டாயிற்று, இன்னும் ஓரிரு குளிர்காலம் தாங்கினால் அதிகம். இதுதான் என்று கை காட்டுகிறார்.

கண்டுபிடித்தவர் அவர். வயது பார்த்தவர், காற்றைப் பார்த்தவர், வந்தவரை மூச்சிரைக்காமல் கூட்டிவந்து சேர்த்தவர் எல்லாம் அவர்தான். இரண்டேகால் கோடி கொடுத்தவர் செய்வது கடைசி அரை நொடி. அந்த மலையில் வேட்டை தெரியாத ஒரே ஆள் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். இதை இழிவாகச் சொல்லவில்லை. காசு கொடுத்து வேட்டைக்குப் போகிறவர் வாங்குவது இன்னொருவரின் கண்ணை, கால்களை, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நினைவை. அப்படியானால் எந்த விலங்கு சாகவேண்டும் என்ற தீர்ப்பும் அந்தக் கண்ணிடமே இருக்கவேண்டும். தீர்ப்பு அங்கே இருக்கிற இடத்தில் இந்தப் பயணத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அது பணம் கொடுத்தவரிடம் போய்விட்ட இடத்தில் இல்லை. இந்த விஷயத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்.

வழிகாட்டி வயதைப் பார்க்கிறார். வந்தவர் அங்குலத்தைப் பார்க்கிறார். இந்த இழுபறி எல்லா வேட்டை நாட்டிலும் உண்டு. லண்டனில் ரோலண்ட் வார்ட் என்ற பாடம் செய்பவர் 1892இல் பெருவிலங்கு வேட்டைச் சாதனைகளின் புத்தகத்தை வெளியிட்டார். எவர் சுட்டது, கொம்பு எத்தனை அங்குலம் என்ற பட்டியல். அது இன்றும் பதிப்புக் கண்டுகொண்டிருக்கிறது. அங்குலம் மனிதர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலையில் கண்டார்கள். அங்கே பெருங்கொம்புச் செம்மறிக் கிடாக்களை, கொம்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வளைந்திருந்தால் சுடலாம் என்பது அப்போதைய சட்டம். விளைவு, கொம்பு வேகமாக வளர்கிற கிடாக்கள் இளவயதிலேயே, முழுதாக இனம் பெருக்குவதற்கு முன்பே செத்தன. சின்னக் கொம்புக் கிடாக்கள் தப்பின. ஏறக்குறைய முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்த்த ஆய்வாளர்கள், அந்த மந்தையின் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003இல் எழுதினார்கள். பெரிய கொம்பைத் தேடிப் போனவர்கள் பெரிய கொம்பை இல்லாமல் ஆக்கினார்கள். சட்டம் அங்குலத்தைக் கேட்டது. வயதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும்.

மார்க்கோருக்குத் திரும்புகிறேன். பலூசிஸ்தானில் தோர்கர் என்று ஒரு மலை. பஷ்தூன் காக்கர் குலத்தாரின் மண். ஆப்கான் போர் தொடங்கியபின் அந்தப் பக்கமெல்லாம் தானியங்கித் துப்பாக்கிகள் மலிந்தன. யாரும் யாரையும் தடுக்க முடியாத நிலை. 1980களின் நடுவில் தோர்கரில் நூறு மார்க்கோர்கூட மிஞ்சியிருக்கவில்லை என்று கணித்தார்கள். அப்போது குலத்தலைவர்களான ஜோகேசாய் குடும்பத்தார் வேட்டையை நிறுத்தச் சொல்லி, ஊரிலிருந்தே ஆட்களைக் காவலுக்கு வைத்தார்கள். காவலுக்கு வந்தவர்கள் துப்பாக்கியோடு அதுவரை அதே மலையில் அலைந்தவர்கள்தான். சம்பளத்துக்குப் பணம் வேண்டும். ஆண்டுக்கு மிகச் சில விலங்குகளை மட்டும் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் சுட அனுமதித்து, அந்தப் பணத்தில் காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 1990களின் முடிவில் அங்கே மார்க்கோர்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. அழிவிலிருக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை, 1997இல் பாகிஸ்தான் முழுவதற்கும் ஆண்டுக்கு ஆறு மார்க்கோர் என்று அனுமதித்தது. 2002இல் அதைப் பன்னிரண்டாக்கியது.

நான் பணத்தின் பெருமையைப் பேசவில்லை. தோர்கரின் காவலரை எண்ணிப் பார்க்கிறேன். அவருக்கு அடுத்த ஆண்டும் அந்த மந்தை வேண்டும். இளங்கிடாவைச் சுடவிட்டால் நட்டம் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும். அதனால் எத்தனை பெரிய மனிதர் வந்து நின்றாலும், இது வேண்டாம் என்று அவர் சொல்லமுடியும். அப்படிச் சொல்வதற்கான தெம்பை அவர் நல்லவர் என்பது மட்டும் தந்துவிடவில்லை. மலை அவருடையது, பணம் ஊருக்கு வருகிறது, அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் வெறும் கூலி.

கூலியாக இருந்தால் என்ன ஆகும் என்பது நம் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு மன்னர்களும் துரைமார்களும் விட்டுச்சென்ற இடத்தில் ஷிகார் கம்பெனிகள் வந்தன. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களைப் புலி வேட்டைக்குக் கூட்டிப்போவதே அவர்கள் தொழில். மத்திய இந்தியக் காடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுமதி கொடுத்தார்கள். எருமைக் கன்றைக் கட்டி, பரண் போட்டு, ஊராரை வைத்துக் காட்டைக் கலைத்து, பரணில் இருக்கிறவர் முன்னால் புலியைக் கொண்டுவந்து நிறுத்துவது முறை. பறையும் தகரமும் தட்டிக்கொண்டு புலிக்குப் பின்னால் நடந்தவருக்குக் கிடைத்தது நாட்கூலி. பெண்புலியா, குட்டி இருக்கிறதா, இந்த ஆண்டு இதே காட்டில் எத்தனை செத்தது என்று கேட்க அவருக்கு வாய் இல்லை. கம்பெனிக்கோ, தோல் இல்லாமல் வாடிக்கையாளர் ஊர் திரும்பினால் அடுத்த வாடிக்கையாளர் வரமாட்டார். தோலுக்காகவும் கால்நடைக்காகவும் கொன்றவர்களும் இருந்தார்கள், காடே அழிந்துகொண்டும் இருந்தது. எல்லாம் சேர்ந்து 1972 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,827 புலிகள்தான் தேறின. அதற்கு முன்பே 1970இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தத் தடை சரியானது. 2022 கணிப்பில் புலிகள் 3,682. தடையை எடுத்துவிட்டுத் தோர்கர் மாதிரியை இங்கே கொண்டுவரலாம் என்று அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். நம்மிடம் குறைவது துப்பாக்கிக்கான அனுமதி இல்லை. காட்டோரத்து மனிதருக்குக் காட்டின்மேல் ஒரு பிடி இருக்கவேண்டும், அது இல்லை. அதைக் கொடுக்காமல் வேட்டையை மட்டும் திறந்துவிட்டால் மறுபடியும் கம்பெனியும் நாட்கூலியும்தான் வரும். தடை மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடை செய்தது. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அங்கே மேய்ச்சல் நிலத்து விலங்குகள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனதாக ஆய்வுகள் சொல்கின்றன. காரணங்கள் பல. வேலியும் கால்நடையும் மக்கள் பெருக்கமும் வறட்சியும் எல்லாம் உண்டு.

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் கொல்லப்பட்ட செசில் சிங்கத்தை உலகமே அறியும். ஹுவாங்கே தேசியப் பூங்காவின் சிங்கம். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டை மாட்டி அதன் நடமாட்டத்தைக் கவனித்து வந்தார்கள். பூங்கா எல்லைக்கு வெளியே இரை வைத்து, அது வந்தபோது அமெரிக்கப் பல் மருத்துவர் அம்பெய்தார். உலகத்தின் கோபமெல்லாம் அந்த மருத்துவர்மேல் பாய்ந்தது. எனக்கு வழிகாட்டிதான் கண்ணில் நின்றார். அந்த இடத்தில் இரை வைக்கக்கூடாது, இந்தச் சிங்கம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் பண்ணையில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுடவைக்கும் வியாபாரத்தில் வழிகாட்டிக்கு வேலையே இல்லை, விலைப்பட்டியல் போதும். அதற்கு முடிவுகட்டவேண்டும் என்று அந்நாட்டு அரசு அமைத்த உயர்மட்டக் குழுவே 2021இல் சொல்லிவிட்டது. அதை வேட்டை என்று அழைப்பவர்களோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

நம் மரபில் ஒரு வேட்டைப் பயணம் இருக்கிறது. பெரியபுராணத்தில், பின்னாளில் கண்ணப்பரான திண்ணனாரின் கன்னி வேட்டை. உடுப்பூர் வேடர் தலைவன் நாகனுக்கு வயதாகிவிடுகிறது. மகனுக்குத் தலைமையைக் கொடுத்து முதல் வேட்டைக்கு அனுப்புகிறான். அந்த வேட்டையைச் சேக்கிழார் விரித்துச் சொல்கிற இடத்தில் ஒரு செய்தி நின்று படிக்கவேண்டியது. அந்த வேடர்கள் யானைக்கன்றைத் துரத்துவதில்லை, சிறு குருளைகளைக் கொல்வதில்லை, கருவுற்றுக் கால் தளர்ந்த பிணைகளை அலைக்கழிப்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சைவ அடியார்களின் வரலாற்றைப் பாட வந்தவர் இதைச் சொல்லாமலே போயிருக்கலாம். சொல்கிறார். கொல்வதற்கென்றே பிறந்த கூட்டத்துக்கும் கையை நிறுத்துகிற இடங்கள் உண்டு என்பது அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

அடுத்து நடப்பது இன்னும் அழகு. ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. திண்ணனோடு துரத்தி வருகிறவர்கள் நாணனும் காடனும் மட்டும். வெகுதூரம் ஓடி, களைத்து நின்ற பன்றியைத் திண்ணன் வெட்டி வீழ்த்துகிறான். பசி, தாகம். தண்ணீர் எங்கே என்று கேட்கிறான். தலைவன் அவன்தான், ஆனால் காடு தெரிந்தவன் நாணன். தேக்கு மரத்துக்கு அப்பால் போனால் பொன்முகலி ஓடுகிறது என்கிறான். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு மலை தெரிகிறது. அங்கே போவோமா என்று திண்ணன் கேட்க, அங்கே குடுமித்தேவர் இருக்கிறார், கும்பிடலாம் என்கிறான் நாணன். முன்பு ஒருநாள் திண்ணனின் தந்தையோடு வந்தபோது அந்த மலையில் ஒரு பார்ப்பனர் தேவருக்கு நீர் வார்த்து, இலையும் பூவும் சூட்டியதை அவன் பார்த்திருக்கிறான். தந்தையோடு நடந்த கால்கள் மகனைக் கூட்டிப்போகின்றன. கண்ணப்பரின் கதையைக் கேட்கும்போது நமக்குக் கண்ணைப் பெயர்த்து அப்பிய கைதான் நினைவில் நிற்கிறது. மலைக்கு வழி காட்டியவனை மறந்துவிடுகிறோம். ஒரு வழிகாட்டி தரக்கூடிய மிகப் பெரிய பொருள் பன்றியில் இல்லை என்று எனக்குச் சொல்லித்தந்தவன் இந்த நாணன்.

நம் மலைகளில் வேட்டைக்கு உரிமச் சீட்டு வந்தது வெள்ளைக்காரர் காலத்தில். நீலகிரியில் வரையாடும் மானும் அருகிப்போவதைப் பார்த்த துரைமார்களே 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1879இல் அதற்கென்று சட்டமும் வந்தது. குறிப்பிட்ட பருவத்தில் வேட்டைக்குத் தடை, பெட்டைக்கும் குட்டிக்கும் விலக்கு, முதுகில் வெள்ளி பூத்த முதிய வரையாட்டுக் கிடாவுக்கு மட்டும் அனுமதி என்று கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின. மூணாற்றுத் தேயிலைத் துரைமார்களும் இரவிகுளத்தை இப்படித்தான் தங்கள் வேட்டை நிலமாக வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். எந்தக் கிடா எந்தப் பாறையில் படுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 1975இல் அது சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. இன்று உலகத்திலேயே வரையாடுகள் அதிகமாக இருக்கும் இடம் அதுதான். அந்தப் பூங்காவின் ராஜமலைப் பாதையில் நிற்கிற வரையாடு ஆளைக் கண்டு ஓடுவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் நின்று புல்லைக் கடிக்கிறது. கிடாவின் முதுகில் சேணம் வைத்தாற்போல் படர்ந்திருக்கும் வெளிறிய மயிரும், கொம்பின் அடியில் நெருங்கி நெருங்கி விழுந்திருக்கும் வளையங்களும் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. துரைமார்களின் விதி அந்த ஆட்டைக் காப்பாற்றியதை மறுக்க முடியாது. அந்த விதியை மலையில் நடைமுறைப்படுத்திய முதுவருக்கு அந்த மலையில் என்ன பங்கு கொடுக்கப்பட்டது என்பதும் கேட்கப்படவேண்டும். துரை கிளம்பு என்றால் கிளம்பவேண்டியவராகத்தான் அவரை வைத்திருந்தார்கள்.

வேட்டைக்காரராக இருந்து வரையாட்டின் காவலரானவர் இ. ஆர். சி. டேவிதார். நீலகிரியில் வழக்கறிஞர். 1975இல் அவர் மலை மலையாக ஏறி எடுத்த வரையாட்டுக் கணக்குதான் இந்த விலங்கைப்பற்றிய தொடக்க ஆய்வுகளில் ஒன்று. தமிழ்நாடு அரசு அவர் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு நாளாக அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சி. அதே மலைகளில் இன்று மழையிலும் பனியிலும் நடப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பலர் பழங்குடிகள். கணக்கெடுப்பு அதிகாரிக்கு முன்னால் நடந்து ஆட்டைக் காட்டித்தருபவர்களும் இவர்கள்தான். தற்காலிகப் பணி, தொகுப்பூதியம். நிரந்தரமாக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கியோடு எதிரே வருகிறவனைப் பார்த்து நில் என்று சொல்லும் பொறுப்பை, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

கொலராடோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சென்ற ஆண்டு போனில் கேட்டான். “ஆபீஸ்ல எல்லாரும் எல்க் வேட்டைக்குப் போறாங்க மாமா. கைடு வெச்சு அஞ்சு நாள். என்னையும் கூப்பிடுறாங்க. போலாமா?” கறி தின்கிற குடும்பம் எங்களுடையது, கொல்லாமையைப் போதிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஊரில் வேட்டை முறையாக நடக்கிறது. எல்க் மான் வேட்டைக்கான விதிகளை மாநில அரசு வரையறுக்கிறது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி 1937 முதல் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. இதையெல்லாம் அவனும் படித்திருந்தான். நான் சொன்னது ஒன்றுதான். “பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த கைடுகிட்ட ஒண்ணு கேளு. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் சரியான எல்க் கிடைக்கலேன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேளு. வெறுங்கையோட இறங்கிருவோம்னு தயங்காமச் சொன்னா போ. எப்படியாச்சும் ஒண்ண வாங்கித் தந்துருவோம்னு சொன்னா வேண்டாம்.” கேட்டுவிட்டு, போகாமலே இருந்துவிட்டான். என்ன பதில் கிடைத்தது என்று நான் துருவவில்லை.

என்னைக் கேட்டால், நான் காசு கட்டிப் போகிற வேட்டை தேக்கடியில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியில் ஒரு காரியம் செய்தார்கள். காட்டு இலவங்கப்பட்டையான வயணப் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள், விலங்கு வேட்டையாடியவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். அவர்கள்மேல் இருந்த வழக்குகளை விலக்கி, குழுவாக்கி, அதே காட்டில் பயணிகளைக் கூட்டிப்போகும் வேலையைக் கொடுத்தார்கள். புலித்தடம் என்று அந்த நடைக்குப் பெயர். காட்டுக்குள் கூடாரத்தில் இரவு தங்கல். கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். வருமானம் குழுவுக்கு. நடக்கும்போதே அது ரோந்தும் ஆகிவிடுகிறது. கடத்தல்காரனின் தடத்தைக் கண்டுபிடிக்க முன்னாள் கடத்தல்காரனைவிடத் தேர்ந்தவர் யார்?

நான் போன நடையில் முன்னால் போனவர் ஐம்பது வயதுக்காரர். குமுளிப் பக்கத்தவர், நல்ல தமிழ் பேசினார். ஓடையோரம் யானை லத்தி கிடந்தது. குனிந்து புறங்கையை அதன்மேல் காட்டிப் பார்த்தார். தொடவில்லை, சூடு மேலேறுகிறதா என்று பார்த்தார். அடுத்து, முறிந்து கிடந்த ஈற்றைத் தண்டை எடுத்து முறிவை விரலால் தடவினார். ஈரம். கொஞ்சம் தள்ளி மண்ணில் பெரிய தடத்தின் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டின் பாதிகூட இல்லாத ஒரு தடம். அதைக் காட்டும்வரை எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. கையை மடக்கி எல்லாரையும் நிறுத்திவிட்டார்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் நல்ல கேமராவோடு வந்திருந்தார். “அண்ணே, இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கோம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துரலாமே” என்றார்.

“பணம் நடக்கறதுக்கு சார். யானையக் காட்டுறேன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல. குட்டி இருக்கு. வேண்டாம்.”

குரல் உயரவில்லை. விளக்கமும் இல்லை. வந்த வழியே திருப்பி, மேட்டில் ஏற்றி, சுற்றுப்பாதையில் கூட்டிப்போனார். கேமராக்காரர் சிறிது நேரம் முகம் இறுகி நடந்தார்; மேட்டில் காட்டுமாடுகள் தெரிந்ததும் சரியாகிவிட்டார்.

ராத்திரி கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் பழைய நாட்களைப்பற்றிக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். “அப்ப வியாபாரி முன்பணம் குடுத்துருவான் சார். வாங்கித் தின்னாச்சு. பெறகு காட்டுக்குள்ள ஏறிட்டா வெறுங்கையோட எறங்க முடியாது. மரம் சின்னதா பெருசா, வெட்டலாமா வேண்டாமான்னெல்லாம் யோசிக்க எடமே இல்ல. கெடச்சத உரிக்கணும். மான் நின்னாலும் அப்படித்தான்.” அந்தக் காட்டை அப்போதும் அவருக்கு இதே அளவு தெரியும். குட்டி இருப்பதும் தெரியும், தளிர் மரம் என்பதும் தெரியும். தெரிந்ததை வைத்து நிறுத்துவதற்கு வழியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் படகுத்துறைக்குப் பக்கத்தில் பிரியும்போது கேமராக்காரர் அவரிடம் போய், பையனுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் அவனையும் கூட்டிவருகிறேன், நீங்களே வரவேண்டும் என்றார்.

“ஏப்ரல்ல வேண்டாம் சார்” என்றார் அவர். “அது தீ நேரம். நாங்க எல்லாம் தீக்கோடு வெட்டப் போயிருவோம். மழை விட்டதும் போன் பண்ணுங்க.”